அம்பாசிடரா, பத்மினியா? – ஓர் இயற்பியல் மதிப்பீடு

பழைய கார் ஒன்றை வாங்கிச் சீர்செய்து ஓட்டவேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. அப்பா ஓட்டிய வண்டி, ஊர் டாக்டர் வைத்திருந்த வண்டி, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த வண்டி என்று அந்த ஆசைக்குக் காரணங்கள் பல. எந்தக் கார் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தாம் வரும்: அம்பாசிடர், பிரீமியர் பத்மினி. உடனே விவாதமும் தொடங்கிவிடும். "அம்பாசிடர் யானை மாதிரி. அத்தனையும் இரும்பு. எதில் மோதினாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது" என்பார் ஒருவர். "பத்மினி குதிரை மாதிரி. கைக்கு அடக்கம், பெட்ரோலும் மிச்சம்" என்பார் மற்றொருவர்.

யானை, குதிரை என்ற உவமைகளை வைத்துக்கொண்டு காரை மதிப்பிட முடியாது. நிறை, வேகம், விசை, ஆற்றல் ஆகியவற்றைக் கொண்டுதான் மதிப்பிட முடியும். பள்ளியில் நீங்கள் படித்த இயற்பியலும் ஒரு பென்சிலும் இதற்குப் போதும். இரண்டு வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்ப்போம். "இரும்பு அதிகம், ஆகவே பாதுகாப்பு அதிகம்" என்ற கூற்றை மட்டும் சற்றுக் கூடுதலாகவே சோதிப்போம். ஏனெனில், அதை நம்பித்தான் பலர் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்குகிறார்கள்.

பூர்வீகம்

அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். அது அங்கு 1956இல் வெளிவந்தது. மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1950களின் பிற்பகுதியில் அம்பாசிடராக உருவெடுத்து, 2014 மே மாதத்தில் ஆலை நிறுத்தப்படும் வரை தயாரானது.

பத்மினியின் மூலம் இத்தாலியில் 1953இல் வெளிவந்த புதிய ஃபியட் 1100. மும்பையில் குர்லாவில் உள்ள பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் 1964 முதல் இதன் திருத்திய வடிவம் தயாரானது. 'பத்மினி' என்ற பெயர் 1974இல் வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டித் தயாரிப்பு நின்றது. மும்பை நகரின் டாக்சியாகப் பெயர்பெற்ற இந்த வண்டி, 20 ஆண்டு வயது வரம்பின் காரணமாக 2023 அக்டோபரில் அந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றது.

அம்பாசிடரில் பிற்காலத்தில் டீசல் எஞ்சினும், 1990களில் இசுசு எஞ்சினும் வந்தன. இங்கு நாம் எடுத்துக்கொள்வது நெடுங்காலம் ஓடிய 1489 க.செ.மீ. பெட்ரோல் வண்டியை. அதற்கு எதிரே 1089 க.செ.மீ. பத்மினி.

இரண்டு எஞ்சின்கள்

எஞ்சினின் கொள்ளளவை நீங்களே சரிபார்க்கலாம். அம்பாசிடரின் சிலிண்டர் விட்டம் சுமார் 7.3 செ.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 8.89 செ.மீ. வட்டத்தின் பரப்பை இந்தத் தூரத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 372 க.செ.மீ.; நான்கு சிலிண்டர்களுக்கு 1489. பத்மினியின் சிலிண்டர் விட்டம் 6.8 செ.மீ., பிஸ்டன் நகர்வு 7.5 செ.மீ. இதே கணக்கில் 1089 க.செ.மீ. கிடைக்கும்.

அம்பாசிடரின் திறன் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அது நிமிடத்திற்கு 4200 சுழற்சியில் கிடைக்கிறது. பத்மினிக்கு 40 குதிரைத்திறன், சுழற்சி 4800. பெரிய எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது, சிறியது வேகமாகச் சுழல்கிறது. ஆனால் பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால், இரண்டிலும் விநாடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர்தான். உலோகமும் எண்ணெயும் தாங்கக்கூடிய எல்லை ஏறத்தாழ ஒன்று என்பதால், இங்கிலாந்துக்காரரும் இத்தாலிக்காரரும் ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள்.

வேறுபாடு முறுக்கு விசையில் இருக்கிறது. திறன் என்பது முறுக்கு விசையும் சுழற்சி வேகமும் சேர்ந்த பெருக்கல். 50 குதிரைத்திறன் என்பது சுமார் 37 கிலோவாட். இதை 4200 சுழற்சிக்குரிய கோண வேகத்தால் வகுத்தால் 85 நியூட்டன் மீட்டர் வருகிறது. பத்மினிக்கு இதேபோல் வகுத்தால் 59 நியூட்டன் மீட்டர். எனவே சக்கரத்தைத் திருப்பும் வலிமையில் பெரிய எஞ்சின் ஏறத்தாழ 1.4 மடங்கு. "அம்பாசிடரில் கியர் மாற்றாமலே இழுக்கும்" என்று பழைய டிரைவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

எடைக்கு ஏற்ற திறன்

எஞ்சினை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அது சுமக்க வேண்டிய எடையையும் பார்க்க வேண்டும். அம்பாசிடரின் எடை சுமார் 1100 கி.கி., பத்மினியின் எடை சுமார் 895 கி.கி.

வெறும் வண்டியாக வைத்து, ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பாருங்கள். அம்பாசிடருக்கு 45.5, பத்மினிக்கு 44.7. கிட்டத்தட்ட ஒன்றே! 'யானை'யும் 'குதிரை'யும் ஒரே வலிமையோடுதான் நிற்கின்றன. 70 கி.கி. எடையுள்ள ஓட்டுநர் ஏறினால் 42.7, 41.5 என்று ஆகிறது. இந்த வேறுபாட்டை ஓட்டுபவர் உணரவே முடியாது.

இனி ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாக 400 கி.கி. ஏற்றுங்கள். அம்பாசிடருக்கு 33.3, பத்மினிக்கு 30.9. இப்போது பத்மினி ஏழு சதவீதம் பின்தங்கிவிட்டது. சிறிய வண்டிக்கு அதே சுமை பெரிய பங்காக வந்து சேர்வதே காரணம். 1100க்கு 400 என்பது 36 சதவீதம். 895க்கு 400 என்பது 45 சதவீதம். தனியாகப் போகும்போது துள்ளும் பத்மினி, குடும்பத்தோடு போகும்போது சோர்ந்துவிடுகிறது என்று சொல்பவர்கள் கற்பனையாகச் சொல்லவில்லை.

மலையில் ஏறும்போதும் இறங்கும்போதும்

பன்னிரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஒரு மலைச் சாலையை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையுடன் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அதில் ஏற, அம்பாசிடரின் சக்கரங்களுக்குச் சுமார் 21 குதிரைத்திறன் தேவை. பத்மினிக்குச் சுமார் 19. இரண்டு எஞ்சின்களாலும் இதைத் தர முடியும். ஆனால் பத்மினி இதைத் தர வேண்டுமானால் அதிகமாகச் சுழல வேண்டும். ஆகவே ஓட்டுநர் ஒரு கியர் முன்னதாகவே இறக்க வேண்டியிருக்கும். எஞ்சின் இரைச்சலும் சூடும் கூடும். ரேடியேட்டர் அடைபட்ட வண்டி என்றால் பாதி வழியில் தண்ணீர் கொதிக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதே முக்கியம். உதகையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 1900 மீட்டர் கீழே இருக்கிறது. முழுச் சுமையுள்ள அம்பாசிடர் இந்த உயரம் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் 28 மெகாஜூல். பத்மினிக்கு 24 மெகாஜூல். இந்த ஆற்றல் எங்கேயாவது வெப்பமாக வெளியேறியாக வேண்டும். 28 மெகாஜூல் என்பது 95 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்றின் தடையும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் எடுக்க வேண்டும், அல்லது பிரேக் எடுக்க வேண்டும்.

இரண்டு வண்டிகளின் பழைய மாதிரிகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். டிரம் சூடானால் விரியும். விரிந்தால், உள்ளேயிருந்து அழுத்தும் பிரேக் ஷூவிலிருந்து அது விலகிப் போகும். சூடேறிய லைனிங்கின் உராய்வும் குறையும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காத நிலை இப்படித்தான் வருகிறது. அம்பாசிடரின் கனம் இங்கு அதற்கு எதிராகவே வேலை செய்கிறது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய விதியை எந்த வண்டியானாலும் கைவிடாதீர்கள்.

ஊருக்குள்

நகரத்தில் கதை மாறுகிறது. ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நிற்கிறது. இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிறது. பிறகு பெட்ரோலை எரித்து அதை மீண்டும் உண்டாக்க வேண்டும். இருவர் அமர்ந்து, மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் அம்பாசிடரின் இயக்க ஆற்றல் 121 கிலோஜூல், பத்மினிக்கு 101. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கே சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை நின்று புறப்பட அம்பாசிடருக்கு 19 மில்லிலிட்டர், பத்மினிக்கு 16 மில்லிலிட்டர் செலவாகும். ஒரு நாளில் 50 முறை நின்று புறப்பட்டால் வேறுபாடு ஒரு டம்ளர் பெட்ரோல். மாதக் கணக்கில் அது சில லிட்டராகும்.

அளவிலும் பத்மினிக்கே சாதகம். அதன் நீளம் சுமார் 3.9 மீட்டர், அம்பாசிடருக்கு 4.3 மீட்டர். அகலத்திலும் பத்மினி ஏறத்தாழ 20 செ.மீ. குறைவு. மதுரை மாசி வீதிகளைப் போன்ற தெருக்களில் வண்டியைத் திருப்பி நிறுத்துபவருக்கு இந்தக் குறைவு பெரிய நிம்மதி.

அதே 20 செ.மீ. உள்ளே அமர்பவருக்கு நஷ்டம். அம்பாசிடரின் பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்காரலாம். வயதானவர்கள் சிரமமின்றி ஏறி இறங்கலாம். பத்மினியின் பின்னால் மூவர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் பயணம் முழுவதும் பொறுமை காக்க வேண்டும்.

இன்றைய பெட்ரோல், நேற்றைய எஞ்சின்

இவ்விரண்டு எஞ்சின்களும் உருவான காலத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. வால்வும் அது அமரும் இடமும் தேயாமல் அது காத்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உடல்நலத்திற்கு அது பெரும் நன்மை. ஆனால் கடினமான வால்வு வளையங்கள் பொருத்தப்படாத பழைய எஞ்சினில் வால்வின் இருக்கை மெல்லத் தேய்ந்துகொண்டே போகும். வாங்குமுன் மெக்கானிக்கிடம் இதைக் கேட்டறிவது அவசியம்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்குச் சுமார் 21 மெகாஜூல்தான். ஆகவே கலவையின் ஆற்றல் ஏறத்தாழ ஏழு சதவீதம் குறைகிறது. கார்புரேட்டரின் ஜெட் துளை தூய பெட்ரோலுக்காக அளவிடப்பட்டது. அதில் இந்தக் கலவை சற்று 'மெலிந்து' எரியும். பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலில் ஊறிக் கெடும். எரிபொருள் குழாய்களைப் புதிய வகைக்கு மாற்றாமல் ஓட்டுவது தீவிபத்துக்கு வழி. இந்தக் குறை இரண்டு வண்டிக்கும் பொது.

உதிரி பாகங்களைப் பொறுத்தவரை, 2014 வரை தயாரான அம்பாசிடருக்குச் சற்று வசதி அதிகம். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் இரண்டுக்குமே பழைய பாகங்கள் தேடலாம். ஆனால் பிரேக் பாகங்களைப் பழையதாக வாங்காதீர்கள்.

கனம் காப்பாற்றுமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். அம்பாசிடரும் பத்மினியும் தலா 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று கொள்வோம். உந்தம் அழியாத விதிப்படி, இரண்டும் சேர்ந்து அம்பாசிடர் போன திசையில் மணிக்கு சுமார் 5 கி.மீ. வேகத்தில் நகரும். அதாவது, அம்பாசிடரில் இருந்தவர் 45 கி.மீ. வேக மாற்றத்தையும், பத்மினியில் இருந்தவர் 55 கி.மீ. வேக மாற்றத்தையும் ஒரு கணத்தில் அனுபவிக்கிறார்கள். இந்த அளவில் கனம் உதவுகிறது என்பது உண்மைதான். அந்த உதவி எதிரே வந்தவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் நெடுஞ்சாலையில் எதிரே வருவது எப்போதும் பத்மினியா? 16 டன் லாரி ஒன்று வரட்டும். அதன் வேகமும் 50 கி.மீ. கணக்கிட்டால், அம்பாசிடரின் வேக மாற்றம் 93.6 கி.மீ.; பத்மினியின் வேக மாற்றம் 94.7 கி.மீ. இருநூறு கிலோ கூடுதல் எடை நமக்கு வாங்கித் தந்த பாதுகாப்பு மணிக்கு ஒரு கிலோமீட்டர்! புளியமரத்திலோ பாலத்துச் சுவரிலோ மோதினால் அதுவும் இல்லை. இரண்டு வண்டியும் 50இலிருந்து சுழியத்துக்கு வரும். அவ்வளவுதான்.

உயிரைக் காப்பது, நிற்பதற்குக் கிடைக்கும் தூரம். முன்பகுதி 40 செ.மீ. மட்டும் நசுங்கினால் உள்ளே இருப்பவர்மீது ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் 25 மடங்கு முடுக்கம் செயல்படும். 70 செ.மீ. நசுங்கினால் அது 14 மடங்காகக் குறையும். ஆகவே முன்பகுதி ஒழுங்காக நசுங்க வேண்டும். ஆட்கள் இருக்கும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும். இந்த எண்ணத்தோடு கட்டப்பட்ட முதல் கார் மெர்சிடிஸ் நிறுவனத்திடமிருந்து 1959இல் வந்தது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டை வால்வோ நிறுவனம் அறிமுகப்படுத்தியதும் அதே 1959இல்தான். நம் இரண்டு கார்களின் அடிப்படை வடிவமும் அதற்கு முந்தியது. மோதும்போது மடங்கும் ஸ்டியரிங் தண்டும் பழைய மாதிரிகளில் கிடையாது.

மோதிய பிறகு அம்பாசிடரின் பம்பர் நெளியாமல் இருப்பதைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. தகடு வாங்காத அடியை உள்ளே இருந்தவர் வாங்கியிருப்பார். பெல்ட் போடாதவர் வண்டி நின்ற பிறகும் 50 கி.மீ. வேகத்தில் முன்னோக்கிப் போகிறார். அது கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். "கனமான இரும்பு காப்பாற்றும்" என்ற நம்பிக்கைக்கு இயற்பியலில் ஆதாரம் இல்லை என்றே நான் சொல்வேன்.

வாங்குமுன் மூன்று சோதனைகள்

முதலாவது காந்தச் சோதனை. இவ்விரண்டு கார்களுக்கும் லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டம் கிடையாது. உடல் தகடே எலும்புக்கூடும் ஆகும். கதவுக்குக் கீழுள்ள பகுதி, சக்கர வளைவு, தரை ஆகியவற்றில் துரு ஏறியிருந்தால் வண்டியின் எலும்பே உளுத்துவிட்டது என்று பொருள். துருவைப் 'பட்டி' பூசி மறைத்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்த இடங்களில் ஒட்டிப் பாருங்கள். நல்ல தகட்டில் ஒட்டும். கனமான பட்டியில் நழுவி விழும்.

இரண்டாவது எஞ்சின் சோதனை. ஆளில்லாத சமமான சாலையில், மூன்றாம் கியரில், மணிக்கு 30இலிருந்து 60 கி.மீ. வரை வேகம் எடுக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். இருவர் ஏறிய அம்பாசிடருக்கு இந்த வேகக் கூடுதலுக்கான ஆற்றல் 130 கிலோஜூல், பத்மினிக்கு 109. இதை விநாடியால் வகுத்தால், வண்டியின் வேகத்தைக் கூட்டுவதற்குக் கிடைத்த சராசரித் திறன் வந்துவிடும். ஒரே மாதிரியில் இரண்டு மூன்று வண்டிகளை இப்படிச் சோதித்தால், களைத்த எஞ்சின் தானே வெளிப்படும். விற்பவரின் வாய்ச்சொல் தேவையில்லை.

மூன்றாவது பிரேக் சோதனை. 40 கி.மீ. வேகத்திலிருந்து ஐந்தாறு முறை அடுத்தடுத்து நிறுத்திப் பாருங்கள். கடைசி முறை முதல் முறையைவிட நீண்ட தூரம் ஓடினாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் பணம் தராதீர்கள்.

இவற்றோடு, பதிவுச் சான்று உயிரோடு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் காருக்கு 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தகுதிச் சோதனையுடன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022இலும் 2025இலும் உயர்த்தப்பட்டுள்ளது.

தீர்ப்பு

தனியாகவோ இருவராகவோ ஊருக்குள் ஓட்டுபவருக்கு, இடநெருக்கடியும் பெட்ரோல் செலவும் கருதி, பத்மினியே பொருத்தம். நான்கைந்து பேர், சாமான்கள், மேடு பள்ளமான சாலை, எப்போதாவது மலைப் பயணம் என்றால் அம்பாசிடர். செயல்திறனில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்ற பேச்சுக்கு இடமில்லை. எடைக்கு ஏற்ற திறன் இரண்டிலும் ஒன்றே. உங்கள் சுமைதான் முடிவு செய்கிறது.

தினமும் நெடுஞ்சாலையில் 80, 90 கி.மீ. வேகத்தில் குடும்பத்தோடு போக வேண்டியவருக்கு என் பரிந்துரை இரண்டும் வேண்டாம் என்பதே. ஆசைக்காக வைத்துக்கொள்வதானால், துருவில்லாத உறுதியான தகட்டில் பற்றவைத்த பிடிமானங்களோடு மூன்று முனைப் பெல்ட்டுகளை முன்னும் பின்னும் பொருத்துங்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்ற முடியுமானால், தேர்ந்த பட்டறையில், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விதிமுறையைக் கேட்டறிந்து மாற்றுங்கள். வேகத்தை மணிக்கு 50, 60 கி.மீ.க்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் பாதியானால் இயக்க ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறையும். பழைய காருக்கு நீங்கள் செலவின்றிச் சேர்க்கக்கூடிய பாதுகாப்பு இது ஒன்றே.